நெடுந்தொடர் மிகுபுனைவுகளில் எதை எடுப்பது? நான்கு தொடர்கள், ஓர் ஒப்பீடு

பத்து, பதினான்கு தொகுதிகள் என்று நீளும் ஆங்கில மிகுபுனைவுத் தொடர்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் உலகத்தின் விரிவையும் மாயவித்தையின் விதிகளையும் போர்க்களங்களின் எண்ணிக்கையையுமே எடைபோடுகிறார்கள். என் கணிப்பில் இவற்றுக்கெல்லாம் முன்பு கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்தெந்த இடங்களில் புத்தகத்தை மூடி வைத்தால் ஒரு கதையை முழுதாகப் படித்த நிறைவு வாசகருக்குக் கிடைக்கிறது? இருபது ஆண்டுகள் எழுதப்படும் ஒரு தொடரில் அந்த நிறுத்தங்களின் அமைப்புதான் மற்ற பலங்களையும் பலவீனங்களையும் தீர்மானிக்கிறது. ராபர்ட் ஜோர்டன், ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், ஸ்டீவன் எரிக்சன், ராபின் ஹாப் ஆகிய நால்வரின் தொடர்களையும் இந்தக் கண்கொண்டு பார்க்கலாம். கதைத் திருப்பங்கள் சில வெளிப்படுவதைத் தவிர்க்க முடியவில்லை.

ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' 1990-ல் தொடங்கி 2013-ல் முடிந்தது. மூலக்கதை 14 தொகுதிகள். முன்கதை தனியே ஒன்று. நீளம் ஒரு படைப்புக்கு எதைத் தரும், எதைப் பறிக்கும் என்ற இரண்டையும் இந்த ஒரே தொடரில் காணலாம். நான்காம் தொகுதியான 'த ஷேடோ ரைசிங்'கில் நாயகன் ராண்ட் கண்ணாடித் தூண்களுக்கு நடுவே நடந்து செல்கிறான். ஒவ்வோர் அடிக்கும் தன் மூதாதையர் ஒருவரின் கண்வழியே, பேரன், தாத்தா, பூட்டன் என்று காலத்தில் பின்னோக்கிப் போகிறான். ஈட்டியும் முகத்திரையுமாக அஞ்சவைக்கும் ஏயெல் இனத்தார், ஒரு காலத்தில் ஆயுதத்தையே தொடுவதில்லை என்று உறுதி பூண்டவர்கள் என்பது அந்த வரிசையில் படிப்படியாகத் தெரிய வருகிறது. அதற்கு முந்தைய தொகுதிகளில் அவர்களுடைய வீரத்தையும் மானத்தையும் கண்டு பழகியிராத வாசகருக்கு அந்த இடம் வெறும் தகவலாகவே போயிருக்கும்.

பறித்ததற்கும் சான்று உண்டு. 1998-ல் வந்த எட்டாம் தொகுதியின் முடிவில், ராண்டின் நண்பன் பெரினின் மனைவி ஃபெய்ல் கடத்தப்படுகிறாள். 2005-ல் வந்த பதினோராம் தொகுதியில்தான் மீட்கப்படுகிறாள். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் பெரின் செய்வது பெரும்பாலும் தேடுவதும், கவலைப்படுவதும், முகாமில் ஆட்களைச் சமாளிப்பதும்தான். இதைவிட மோசம் பத்தாம் தொகுதி. ஒன்பதாம் தொகுதியின் இறுதியில் உலகையே புரட்டிப்போடும் ஒரு காரியம் நிகழ்கிறது. பத்தாம் தொகுதியின் கணிசமான பகுதியில், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் கதைமாந்தர் அதே நேரத்தில் தொலைவிலிருந்து அதன் அதிர்வை உணர்கிறார்கள். கதை ஓர் அடிகூட நகர்வதில்லை. நைனேவ் என்ற பெண் கதைமாந்தர் தன் பின்னலைப் பிடித்து இழுக்கும் வழக்கம் வாசகர்களிடையே நிரந்தரக் கேலிப்பொருளானதற்கும் இந்தத் தேக்கம் ஒரு காரணமாக இருக்கக்கூடும். நிகழ்ச்சி இல்லாத இடத்தில் சைகைகள்தான் கண்ணில் உறுத்தும்.

ஜோர்டன் 2007-ல் காலமானார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுக்க, குறிப்புகளையும் ஜோர்டனே எழுதி வைத்திருந்த சில பகுதிகளையும் கொண்டு கடைசி மூன்று தொகுதிகள் எழுதப்பட்டன. ராண்டின் மற்றொரு நண்பனான 'மாட்' என்பவனின் குறும்பு அவற்றில் சற்றுக் கரடுமுரடாகிவிட்டது, உரைநடையும் தட்டையானது. ஆனால் வேகம் திரும்பியது, அவிழாமல் கிடந்த முடிச்சுகளில் பெரும்பாலானவை அவிழ்ந்தன. நடை மாறினாலும் முடிவு கிடைப்பது மேல் என்பதே என் கட்சி.

அந்த முடிவுதான் மார்ட்டினின் 'அ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடருக்கு வாய்க்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டால் நால்வரில் இவரே தேர்ந்த கைகாரர். மூன்றாம் தொகுதியின் திருமண விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இசைக் கலைஞர்கள் திடீரென வாசிக்கத் தொடங்கும் பாட்டு அந்தக் கூடத்தில் ஒலிக்கக்கூடாத பாட்டு என்று விருந்தினராக வந்திருக்கும் கேட்லினுக்கு உறைக்கிறது, விருந்தளிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவனின் கையைப் பற்றுகிறாள், பட்டுச் சட்டைக்கு அடியில் இரும்பு வளையங்கள் தட்டுப்படுகின்றன. அடுத்து நடப்பதற்கு வாசகரைத் தயார்ப்படுத்த இந்த இரண்டு விவரங்களே போதுமானவையாக இருப்பதற்குக் காரணம், மூன்று தொகுதிகளாக வாசகர் அவளுடைய கண்வழியே பார்த்துப் பழகியிருப்பதுதான்.

ஆனால் முதல் தொகுதியில் முன்னுரைப் பகுதி நீங்கலாக எட்டுப் பேரின் பார்வையில் நகர்ந்த கதை, நான்காம் தொகுதிக்குள் கட்டுக்கடங்காமல் கிளைத்தது. கதைக்குள் ஐந்தாண்டு இடைவெளி விடுவது என்ற திட்டத்தை மார்ட்டின் கைவிட்டார்; பெருகிய கதையை நிலப்பரப்பின் அடிப்படையில் இரண்டாகப் பிரித்தார். முக்கிய மாந்தர்களான டிரியன், ஜான், டெனேரிஸ் ஆகியோரின் அத்தியாயங்களே இல்லாத நான்காம் தொகுதி 2005-ல் வந்தது. மறுபாதி அடுத்த ஆண்டு வரும் என்ற நம்பிக்கையை அதன் பின்குறிப்பில் அவரே தெரிவித்திருந்தார். வந்தது 2011-ல். ஆறாம் தொகுதி வருவதற்குள், 2019-ல், இதைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தன் போக்கில் முடிவைக் காட்டிவிட்டது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு அடுத்த வாரம் என்ற உத்தரவாதமாவது இருந்தது. இருந்தும், இந்தத் தொடரை முற்றிலும் தள்ளிவைக்கும்படி நான் சொல்லமாட்டேன்: முதல் மூன்று தொகுதிகளுக்குப் பின் அரசியல் கதையின் ஒரு பெரும் சுற்று முடிகிறது, அங்கே நிறுத்திக்கொள்ளும் மனக்கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு ஏமாற்றம் குறைவு.

எரிக்சனின் 'மலாஸான் புக் ஆஃப் த ஃபாலன்' இதற்கு நேர் எதிர். 1999 முதல் 2011 வரை பத்துத் தொகுதிகள், சொன்னபடி முடிந்தன. எரிக்சன் தொல்லியலும் மானுடவியலும் படித்தவர். இந்த உலகம் முதலில் அவரும் இயன் எஸ்லமான்ட்டும் சேர்ந்து, கதைமாந்தராகப் பங்கேற்று ஆடும் விளையாட்டுக்காக உருவாக்கியது. வாசகருக்கு எதையும் விளக்கக்கூடாது என்ற பிடிவாதத்துடன் முதல் தொகுதி தொடங்குகிறது; பாதிப் புத்தகம் வரை யார் யாருக்கு எதிரி என்றே பிடிபடாது. இரண்டாம் தொகுதி வேறொரு கண்டத்துக்குப் போகிறது. ஐந்தாவது, ஏறக்குறைய முற்றிலும் புதிய மாந்தருடன் இன்னொரு கண்டத்தில் தொடங்குகிறது. பாதியில் விட்டவர்கள் பலர் இப்படித்தான் விட்டிருப்பார்கள்.

தாக்குப்பிடிப்பவருக்கு ஒவ்வொரு தொகுதியும் தனக்கென ஓர் உச்சத்தை வைத்திருக்கிறது. இரண்டாம் தொகுதியில், கிளர்ச்சி வெடித்த நிலத்தின் குறுக்கே பல்லாயிரம் அகதிகளைக் காத்தபடி தளபதி கோல்டெய்ன் நடத்தும் பின்வாங்கல், அதை உடனிருந்து பார்க்கும் முதிய வரலாற்றாசிரியர் டைக்கரின் வழியாகச் சொல்லப்படுகிறது. தண்ணீர், மாடுகள், காயம்பட்டோர் வண்டிகள் என்று கணக்கெழுதும் தொனியில் போகும் அந்தப் பகுதி, நால்வரும் எழுதியவற்றுள் என்னை மிகவும் பாதித்தது. குறைகளும் உண்டு: ஆண்டுக் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை, பிந்தைய தொகுதிகளில் சாதாரணப் படைவீரர்கள்கூட ஒரே குரலில் நீண்ட தத்துவம் பேசுகிறார்கள்.

ஹாப் எழுதிய 'ரெல்ம் ஆஃப் தி எல்டர்லிங்ஸ்' 1995-க்கும் 2017-க்கும் இடையில் வெளியான 16 நாவல்கள். ஆனால் இது ஐந்து உட்தொடர்களாகப் பிரிந்து நிற்கிறது: நான்கு மூன்று நாவல்கள் கொண்டவை, ஒன்று நான்கு. ஒவ்வொன்றும் தன் கதையை முடித்துக்கொள்கிறது. இளவரசனுக்கு முறைகேடாகப் பிறந்து, லாயக்காரனிடம் வளரும்படி ஒப்படைக்கப்படும் ஃபிட்ஸ் தன் கதையைத் தானே சொல்கிறான். இரண்டாம் உட்தொடர் அவனை விட்டுவிட்டு வணிகர்களின் துறைமுகத்துக்குப் போகிறது. மூன்றாவதில் அவன் நடுவயதினனாகத் திரும்புகிறான். இடையில் உண்மையாகவே காலம் கழிந்திருப்பதால், அவனுடைய ஓநாய்த் துணைக்கு வயதாவது வாசகருக்கும் வயதாவதுபோல் உறைக்கிறது. போர்களை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். முதல் உட்தொடரின் கடைசி நாவல் பயணத்திலேயே இழுத்தடிக்கிறது. ஃபிட்ஸ் படும் பாடு சில இடங்களில் ஆசிரியரே அவன்மேல் வஞ்சம் வைத்ததுபோல் அளவுமீறுகிறது.

இந்த வகைக்குப் புதியவருக்கு நான் ஹாப்பின் முதல் மூன்று நாவல்களையே தருவேன். அங்கேயே நின்றாலும் நட்டமில்லை. ஒரு முழு ஆண்டை ஒதுக்கக்கூடியவர், பத்தாம் தொகுதியைப் புரட்டிக் கடக்கும் உரிமையுடன் ஜோர்டனை எடுக்கலாம். எரிக்சனை இரண்டாம் முறை படிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். முதல் வாசிப்பில் புரியாமல் கடந்த பக்கங்களில்தான் அவர் பாதிக் கதையை வைத்திருக்கிறார்.