மின்சைக்கிள்: மோட்டார் சக்கரத்திலா, பெடலிலா?

மின்சைக்கிள் வாங்கப் போகிறவர்களை அதிகம் குழப்புவது மோட்டார் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான். பின் சக்கரத்தின் நடுவே உட்கார்ந்திருப்பது ஹப் மோட்டார். பெடல் அச்சோடு ஃப்ரேமில் பொருத்தியிருப்பது மிட் டிரைவ். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மிட் டிரைவ் மோட்டாரோடு களத்தில் இறங்கிய பிறகு ஐரோப்பாவின் விலை கூடிய வண்டிகள் பெரும்பாலும் மிட் டிரைவ் பக்கம் சாய்ந்துவிட்டன. நம் ஊர்க் கடைகளில் நிற்பவை அநேகமாக ஹப். விலை ஒரு காரணம். நம் சாலைக்கு அதுவே பொருத்தமும்கூட என்பது என் கட்சி.

மேட்டில் மிட் டிரைவை அடிக்க ஆளில்லை. அதன் விசை செயின் வழியாகப் போவதால், சின்ன கியருக்கு மாறினால் மோட்டாரும் தனக்குத் தோதான வேகத்திலேயே சுழலும். ஹப்புக்கு அந்த உதவி கிடையாது. ஏற்றத்தில் வேகம் குறையக் குறையத் திணறும், சூடேறும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் ஏற ஆசைப்படுபவர் காசு சேர்த்து மிட் டிரைவே வாங்கட்டும்.

தஞ்சாவூரிலோ கடலூரிலோ ஓட்டுபவருக்கு மேடு என்றால் ஒன்றிரண்டு பாலம்தான். அங்கே மிட் டிரைவால் மிஞ்சுவது செலவு. கால் விசையும் மோட்டார் விசையும் ஒரே செயினில் ஏறுவதால் செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். மோட்டார் போனால் அந்த ஃப்ரேமுக்குப் பொருந்தும் அதே வகை மோட்டாரைத் தேடி அலைய வேண்டும்.

ஹப் மீது சொல்லப்படும் பெரிய குறை பஞ்சர். சக்கரத்தைக் கழற்ற வயரைப் பிரித்து, நட்டுகளைத் தளர்த்தி, வாஷர் எப்படி உட்கார்ந்திருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சரியாகப் பூட்டாவிட்டால் அச்சு சுழன்று வயரை அறுத்துவிடும். ஆனால் நம் பஞ்சர் கடைக்காரர் சாதாரண ஓட்டைக்கு எந்தக் காலத்தில் சக்கரத்தைக் கழற்றினார்? டயரை ஒரு பக்கம் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து, ஒட்டி உள்ளே தள்ளிவிடுவார்.

கடையில் முதலில் கேட்க வேண்டியது, மோட்டார் எப்போது தள்ள வேண்டும் என்று சொல்லும் சென்சாரைப் பற்றி. மலிவான வண்டிகளில் இருப்பது பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். சிக்னலில் கிளம்பும்போது சற்றுச் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று தள்ளும். முன்னால் ஆட்டோ நின்றால் பகீரென்றிருக்கும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று அளப்பது டார்க் சென்சார். மிட் டிரைவ் 'இயல்பாக ஓடுகிறது' என்று பெயர் வாங்கியதில் பாதி இதன் புண்ணியம். இப்போது ஹப் வண்டிகளிலும் இது கிடைக்கிறது; கூடுதல் பணம் கொடுப்பதானால் இதற்குக் கொடுங்கள்.

தேய்மானத்துக்கு மிட் டிரைவ் தரப்பிலும் பதில் வந்திருக்கிறது. ஜெர்மனியின் பினியன் நிறுவனம் 2023-இல் மோட்டாரையும் கியர் பெட்டியையும் ஒன்றாக்கி, செயினுக்குப் பதில் பெல்ட் மாட்டவும் வழி செய்தது. அதைப் பொருத்திய சைக்கிளின் விலைக்கு இங்கே ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாம்.