மதுரையில் மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கென ஒரு சிகிச்சைப் பிரிவு

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை, மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்காகச் சனிக்கிழமைகளில் தனிப் பிரிவு நடத்துகிறது. எனக்கு 49 வயது, பள்ளி ஆசிரியை. இரவில் உடம்பு தகித்து, வியர்வையில் நனைந்து எழுந்து உட்காருவேன். முன்பு பார்த்த மருத்துவர், "வயதானால் இப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

இங்கே டாக்டரம்மா அரை மணி நேரம் ஒதுக்கினார். தூக்கம், படபடப்பு, மூட்டுவலி, தாம்பத்தியத்தில் வலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "தும்மும்போது சிறுநீர் கசிகிறதா?" என்றார். என் அக்காவிடம்கூட நான் சொல்லாத விஷயம் அது. அதற்குப் பயந்தே எங்கள் பள்ளியில் பாதிப் பேர் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும் என்று டாக்டரம்மா விளக்கினார். பக்கத்து அறையில் பிசியோதெரபி பெண், இடுப்பின் அடித்தசையை இறுக்கிச் சில நொடி நிறுத்தித் தளர்த்தும் பயிற்சியைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். மூச்சை மட்டும் அடக்கக் கூடாதாம். மூன்று மாதமாவது விடாமல் செய்யச் சொன்னார். இதற்காகவே இந்த இடத்துக்குப் போகலாம்.

இந்தத் தகிப்புக்கு ஹார்மோன் மருந்தும் உண்டு என்றதும், அதனால் புற்றுநோய் வருமோ என்று என் கணவர் கேட்டார். அவரையும் உள்ளே உட்கார வைத்ததற்கு நன்றி. ஹார்மோன் மருந்தைப் பற்றி அமெரிக்காவில் நடந்து, 2002இல் பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்விலிருந்து பரவிய பயம் அது, அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, என் வயதைவிட மிக அதிகம் என்றார் டாக்டரம்மா. அதற்காக உடனே மருந்தை எழுதிவிடவும் இல்லை. என் சித்திக்கு மார்பகப் புற்று இருந்ததைக் குறித்துக்கொண்டு, மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்த்த பிறகே முடிவு என்றார். மாதவிடாய் ஒரு வருடம் முழுக்க நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் வர வேண்டும் என்றும் அழுத்திச் சொன்னார்.

கட்டணம் 600 ரூபாய். எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்குத் தனி, யாரும் வற்புறுத்தவில்லை.

ஒரு குறை மனதை உறுத்துகிறது. நிரப்பித் தரும் கேள்வித்தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம், கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே செவிலியர் அந்தரங்கக் கேள்விகளைச் சத்தமாகக் கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே சொன்னார். மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழ்த் தாள் வரும்வரை, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த மகளையோ மருமகளையோ கூட்டிப் போங்கள்.