கிணத்து மோட்டாரும் ஊதுபத்தியும்: ஏழு வருஷ அனுபவம்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் உறைகிணறு இருக்கிறது. அப்பா வீடு கட்டும்போது தோண்டியது, 32 அடி. குடிக்க, சமைக்கக் காவிரித் தண்ணீர். துணி துவைக்க, கழுவ, செடிக்கு ஊற்ற எல்லாம் கிணறுதான். 2018-ல் பழைய மோட்டாரைக் காயலான் கடையில் போட்டுவிட்டு ஒரு ஹெச்.பி. செல்ஃப் பிரைமிங் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலில், காற்றைத் தானே வெளியேற்றித் தண்ணீர் ஏற்றும் வகை) வாங்கினேன். கோயமுத்தூர் சரக்கு. கம்பெனி பெயர் வேண்டாம். ஏழு வருஷத்தில் வந்த தொல்லைகளில் பாதிக்கு மேல் மோட்டார் மீது தப்பே இல்லை.

முதல் ரெண்டு வருஷம் அதை நினைக்கவே இல்லை. மூணாவது வருஷம் மார்ச்சில் ஆரம்பித்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. பம்பில் தண்ணீர் நிரப்புவதற்கான பிரைமிங் மூடியைத் திறந்து ரெண்டு சொம்பு ஊற்றினால் வரும், அதுவும் இருமி இருமி. பிளம்பர் வந்தார், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபுட் வால்வு போயிடுச்சு சார்." அது உறிஞ்சுகிற பைப்பின் அடியில், தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் வால்வு. மாற்றினோம். ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் இறங்கிப் போவது நின்றது, இருமல் நிற்கவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டால், "இம்பெல்லர் தேஞ்சிருச்சு, புது மோட்டார் வாங்கிடுங்க" என்றார். இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம். எட்டாயிரத்துக்கு என்னைத் தயார்ப்படுத்திவிட்டுத்தான் போனார்.

எனக்கு உறுத்தியது ஒன்றுதான். தண்ணீரை மேலே தள்ளுகிற டெலிவரி பைப்பில் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சும், யாருக்கும் தெரியும். உறிஞ்சுகிற பைப்பில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதை எப்படிப் பார்ப்பது? சாமி மாடத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்து வந்து, மோட்டாரை ஓடவிட்டு, சக்‌ஷன் பைப்பின் ஒவ்வொரு இணைப்பிலும் காட்டினேன். எல்போ என்ற வளைவில் புகை நேராக மேலே போனது. அடுத்ததிலும் அப்படியே. யூனியன் என்ற, கழற்றி மாட்டும் இணைப்புப் பக்கம் கொண்டுபோனதும் புகை சட்டென்று வளைந்து, நூல் மாதிரி மரைக்குள்ளே நுழைந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வாஷர் வெடித்துக் கிடக்கிறது. பத்து ரூபாய் வாஷர், ரெண்டு சுற்று டெஃப்லான் டேப். இருமல் போச்சு. எட்டாயிரம் மிச்சம்.

அடுத்த பெரிய பாடம் 2024 கோடை. ஊரே டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்த வருஷம். எங்கள் கிணற்றில் தண்ணீர் மோட்டாரிலிருந்து 24 அடிக்குக் கீழே போய்விட்டது. ஊதுபத்தி காட்டியும் ஓட்டை இல்லை, ஃபுட் வால்வு சுத்தம், ஆனால் தண்ணீர் ஏறவில்லை. சென்னையிலிருந்து மச்சினன் போனில், "எங்க வீட்ல 25 அடியிலேர்ந்து நல்லா இழுக்குதே மச்சான், உங்க மோட்டார்தான் டொக்கு" என்றான்.

மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. பைப்புக்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றுத் தண்ணீர் மீது உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்றுதான் அதை மேலே தள்ளுகிறது. மச்சினன் இருக்கும் சென்னை மாதிரி கடல் மட்டத்தில் அந்தக் காற்று கணக்குப்படி 34 அடி தள்ளும். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்று லேசு, கணக்கே 30 அடியோடு முடிந்துவிடும். அதில் பைப் உராய்வு, ஃபுட் வால்வு தடை எல்லாம் போனால் கைக்குக் கிடைப்பது இருபது, இருபத்திரண்டு அடி. பெரிய ஹெச்.பி. போட்டாலும் இது மாறாது. ஆனால் மேலே தள்ளுவதற்கு இப்படி எல்லை இல்லை. காவிரியே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் வைத்துத் தள்ளித்தானே இந்த மேட்டுக்கு ஏறி வருகிறது!

ஆகவே மோட்டாரையே கீழே இறக்கினேன். கிணற்றுச் சுவரில் ஆங்கிள் அடித்து, ஆறடி கீழே பலகை போட்டு உட்கார வைத்தோம். அன்றே தண்ணீர் வந்தது. ஈரத்துக்குப் பக்கத்தில் கரண்ட் என்பதால் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றும் போட்டோம், அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

நடுவே ஒருமுறை ஊருக்குப் போய் ஒரு மாசம் கழித்து வந்தால், மோட்டார் 'உம்ம்' என்று முனகியது, சுற்றவில்லை. அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், வைண்டிங், கருகும். மெயினை அணைத்துவிட்டு, ஃபேன் மூடியைக் கழற்றி ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டைக் கையால் திருப்பினேன், துரு விட்டுக்கொடுத்தது. அப்புறமும் முனகல் இருந்ததால், மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டர்தான் போயிருந்தது. நேம்பிளேட்டில் போட்டிருந்த அதே அளவில் வாங்கி மாட்டினேன், சரி.

இப்போது பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் நிமிஷத்துக்கு நாலைந்து சொட்டு விழுகிறது. ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கப் போகிறேன். ஊதுபத்தி டப்பா ஒன்று மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டுக்காரிக்கு அதில் இன்னும் கோபம்தான்.