கோடை விருந்தினரும் பவானி ஜமக்காளமும்

மதுரையில் அழகர்கோவில் சாலையை ஒட்டிப் புதூர்ப் பக்கம் குடியிருப்பவர்கள் சித்திரை மாதத்தில் உறவினர்களைத் தனியாக அழைக்க வேண்டியதில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு வருபவர்கள் தேரோட்டத்துக்கும் தங்கிவிடுவார்கள். எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில் நின்று அழகரைப் பார்த்துவிட்டு, விடியலில் அவர் வைகையில் இறங்கும்வரை கண்விழித்திருக்கப் போவதாகச் சொல்பவர்களில் பாதிப்பேர், நள்ளிரவுக்குப் பின் வீட்டுக்கு வந்து சாய்வதற்கு இடம் தேடுவார்கள். அதன்பின் கத்திரி வெயில் தொடங்கும்போது, பள்ளி விடுமுறைப் பிள்ளைகளோடு அக்கா குடும்பமும் அத்தை வீட்டாரும் வந்து சேர்வார்கள். சமையலுக்குப் பெரிய பாத்திரங்களை வாடகைக்கு எடுத்துவிடலாம். இத்தனை பேரையும் இரண்டு படுக்கையறை வீட்டில் எங்கே, எதன்மேல் படுக்க வைப்பது என்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் தலைவலி. இந்தக் கோடையில் அதைத் தீர்த்து வைத்தது பவானி ஜமக்காளம்.

ஈரோடு மாவட்டத்துப் பவானியில், நெசவாளர் குழிக்குள் காலை வைத்து இயக்கும் குழித்தறியில் நெய்யப்படும் இந்த விரிப்புக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருமனான வண்ணப் பருத்தி நூலைக் குறுக்கிழையாகக் கொடுத்து, நெடுக்கிழையான பாவு வெளியே தெரியாத அளவுக்கு இறுக்கி நெய்வதால், சிவப்பும் பச்சையும் நீலமுமான பட்டைகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே அமைகின்றன. ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்பது, வீடு நிறைய ஆட்கள் இருக்கும் நாட்களில் சிறிய வசதியன்று.

இதற்கு முன் எங்கள் வீட்டில் கோரைப்பாயும் பிளாஸ்டிக் பாயும்தான் விருந்தினர்களுக்கு விரிக்கப்பட்டன. கோரைப்பாயின் குளிர்ச்சியை எதுவும் மிஞ்ச முடியாது. நல்ல வெயிற்காலத்தில் தனி ஆள் ஒருவர் படுப்பதற்கு இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அதைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும், மடித்தால் முறியும், பிள்ளைகள் ஓடியாடினால் ஓரம் பிரியும். பிளாஸ்டிக் பாயில் வியர்வை உறிஞ்சப்படாமல் முதுகில் ஒட்டிக்கொள்வதால், மின்விசிறி சுழன்றாலும் உறக்கம் வருவதில்லை. ஜமக்காளம் பருத்தி என்பதால் வியர்வையை வாங்கிக்கொள்கிறது. கனமாக இருப்பதால் தரையின் கடினமும் ஓரளவு குறைகிறது. முழங்கால் வலியோ இடுப்பு வலியோ உள்ள பெரியவர்களுக்கு இது மட்டும் போதாது, அவர்களைக் கட்டிலுக்கு அனுப்பிவிட வேண்டும். மற்றவர்கள் கூடத்தில் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். காலையில் அதையே உதறி நான்காக மடித்து அலமாரியின் மேல் வைத்துவிட்டால் கூடம் பழையபடி கூடமாகிவிடும். பகலில் சீட்டாடவும், வந்தவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசவும் மறுபடி விரித்தோம். மெத்தை வாங்கியிருந்தால், விருந்தினர்கள் ஊர் திரும்பிய பின் அதை எங்கே வைப்பது என்பது அடுத்த கவலையாகியிருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில் அது நழுவுகிறது. பிள்ளைகள் ஓடிவந்து அதன்மேல் சறுக்கி விளையாடத் தொடங்கியதும், கீழே பழைய பாயொன்றை விரித்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. புதிதில் மெல்லிய பருத்தித்தூசு உதிர்கிறது. பெரிய தொல்லை துவைப்பதுதான். நனைந்தால் ஓர் ஆள் தூக்க முடியாத கனம் வந்துவிடுகிறது. வீட்டுச் சலவை இயந்திரத்துக்குள் பெரிய அளவு ஜமக்காளம் நுழையாது, நுழைந்தாலும் போடக்கூடாது. முதல் சலவையில் சிவப்புச் சாயம் கொஞ்சம் இறங்குவதால் வேறு துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலச வேண்டும், நிழலில் காயவைக்க வேண்டும். ஜிகர்தண்டா ஒரு குவளை கவிழ்ந்தால், அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் உடனே ஒற்றி எடுப்பதே நல்லது. காயவிட்டால் பாலின் வாடை போவதற்கு முழுச் சலவையைத் தவிர வழியில்லை.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட பொருள்களுக்கான 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஜமக்காளமும் இருக்கிறது. இருந்தும் மின்தறியில் நெய்த மெல்லிய விரிப்புகள் பவானிப் பெயரில் தாராளமாக விற்பனையாகின்றன. பச்சைப் பொய்யைச் 'சமுக்காளத்தில் வடிகட்டின பொய்' என்பது நம் வழக்கு. அந்தப் போலிகளில் பருப்புத் தண்ணீரைக்கூட வடிகட்ட முடியாது. விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடைபோல் ஒளி தெரிவதை ஒதுக்கிவிடலாம். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்குவதும் பாதுகாப்பானது. விலை மின்தறி விரிப்பைவிடக் கூடுதல்தான். கையால் ஒவ்வோர் இழையாக அடித்து நெய்யும் பொருளுக்கு அந்த விலையைக் குறையாக நான் எண்ணவில்லை. ஒழுங்காகப் பேணினால் பல ஆண்டுகள் உழைக்கும் என்பதை அம்மா வீட்டில் இன்னும் விரிக்கப்படும் பழைய ஜமக்காளமே காட்டுகிறது. செயற்கைப் பட்டு நூலில் பூவும் அன்னமும் வைத்து நெய்த வகை பார்ப்பதற்கு அழகு, விசேஷங்களுக்குப் பொருந்தும். படுப்பதற்கு அதை வாங்க வேண்டாம், வெறும் பட்டை போட்ட பருத்தி வகையே போதும்.

அளவைப் பொறுத்தவரை, கூடம் முழுவதையும் மூடும் ஒரே பெரிய ஜமக்காளத்தைவிட, இருவர் தாராளமாகப் படுக்கும் அளவில் மூன்று நான்கு வாங்குவதையே பரிந்துரைப்பேன். ஒன்று துவைத்துக் காயும்போது மற்றவை பயன்படும். மொட்டைமாடியில் படுக்க விரும்பும் இளவட்டங்கள் தங்களுடையதைத் தாங்களே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த சித்திரைக்குள் இன்னும் இரண்டு வாங்கவிருக்கிறேன், இம்முறை சிவப்பு குறைவாக உள்ளதாகப் பார்த்து.