மெனுவா, டியோவா? லினக்ஸ் செயலியின் தூக்கக் கணக்கு

மடிக்கணினியில் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும்போது செயலிக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. அந்தச் சும்மா இருக்கும் நேரமும் ஒரே நீளத் துண்டாகக் கிடைப்பதில்லை. நொறுங்கிய சில்லுகளாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு சில்லிலும் எவ்வளவு ஆழமாக உறங்கலாம் என்று லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்கும் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். லினக்ஸில் இன்று உண்மையான போட்டி மெனு, டியோ என்ற இரண்டு கவர்னர்களுக்கு இடையில்தான்.

செயலியின் ஓய்வுநிலைகளுக்குச் சி1, சி6 என்பதுபோலப் பெயர்; எண் கூடக்கூட உறக்கம் ஆழமாகும். சி1 என்பது கோழித்தூக்கம். சி6 என்பது அடித்துப்போட்டதுபோன்ற உறக்கம். இன்டெலின் ஸ்கைலேக் சர்வர் செயலிகளுக்காகக் கெர்னல் வைத்திருக்கும் அட்டவணைப்படி, சி1-இலிருந்து எழ 2 மைக்ரோவிநாடி போதும். சி6-இலிருந்து எழ 133 மைக்ரோவிநாடி ஆகும். அதைவிட முக்கியம், சி6-க்குள் போய்வரும் செலவு ஈடாகக் குறைந்தது 600 மைக்ரோவிநாடியாவது உறங்கியிருக்க வேண்டும். அதற்குள் யாராவது எழுப்பிவிட்டால் மின்சாரமும் வீண், நேரமும் வீண். ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: அடுத்து எப்போது எழுப்பப்படுவோம்? டைமர் எழுப்பும் நேரம் கெர்னலுக்கு முன்பே தெரியும். நெட்வொர்க் கார்டோ விசைப்பலகையோ எப்போது எழுப்பும் என்பது தெரியாது.

பழைய லேடர் கவர்னரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது படிப்படியாக இறங்கும்: நாலு முறை நன்றாக உறங்கினால் ஒரு படி கீழே, ஒரு முறை தூக்கம் கெட்டால் ஒரு படி மேலே. கெர்னலின் கடிகாரம் விநாடிக்கு நூறு முறையோ ஆயிரம் முறையோ தவறாமல் டிக் அடித்துச் செயலியை எழுப்பிய காலத்துக்கு அது பொருத்தம். 2007-இல் வந்த கெர்னலின் 2.6.21 பதிப்பு, வேலையில்லாதபோது டிக்கை நிறுத்தும் வசதியைக் கொண்டுவந்தது. அதன்பின் முதல் தூக்கமே நெடுந்தூக்கமாக இருக்க முடியும் என்றானபோது, படிக்கட்டில் காத்திருப்பதற்குப் பொருளில்லை.

மெனு ஓர் எண்ணை ஊகிக்கிறது. அடுத்த டைமருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்து, முன்பு அந்தக் கணக்கு எந்த அளவுக்குப் பலித்தது என்பதை வைத்து அதைக் குறைத்துக்கொள்கிறது. கூடவே கடைசி எட்டுத் தூக்கங்களின் நீளத்தை நினைவில் வைத்து, அவற்றில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்று தேடுகிறது. சீரான இடைவெளியில் குறுக்கீடுகள் வரும் இடத்தில் இந்த எட்டுத் தூக்க நினைவு விரைவாக வேலை செய்கிறது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே நினைவுதான் ஒரு பெரிய பள்ளத்தையும் வெட்டியது. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் அதை விவரித்தார்கள். சில குட்டி வேலைகள் அடுத்தடுத்து வந்து எட்டுத் தூக்கங்களும் குட்டியாகிவிட்டால், ஒன்பதாவதும் குட்டியாகத்தான் இருக்கும் என்று மெனு நம்பி சி1-ஐத் தேர்ந்தெடுக்கும். அப்போதைய கெர்னலோ கவர்னரைக் கேட்பதற்கு முன்பே டிக்கை நிறுத்திவிட்டிருக்கும். அதன்பின் எந்த வேலையும் வராவிட்டால், தவறான முடிவைத் திருத்த எழுப்புவாரும் இல்லை. செயலி விநாடிக் கணக்கில் கோழித்தூக்கத்திலேயே கிடக்கும். செயலிச் சிப்பில் உள்ள பல கோர்களில் (கணக்கிடும் அலகுகளில்) ஒன்றே ஒன்று இப்படி மாட்டிக்கொண்டாலும், முழுச் சிப்பும் இறங்க வேண்டிய ஆழ்நிலைக்கு அது குறுக்கே நிற்கும். நுட்பமான ஊகம் தவறும்போது எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

2018-இல் 4.17 பதிப்பில், கெர்னலின் மின்சக்தி மேலாண்மைப் பகுதியைப் பராமரிக்கும் ரஃபேல் வைசோக்கி இந்த வரிசையையே மாற்றினார். இப்போது முதலில் கவர்னர் முடிவு சொல்கிறது. டிக்கை நிறுத்தலாமா என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி. தூக்கம் சிறியது என்று ஊகித்தால் டிக் ஓடிக்கொண்டே இருக்கும். விநாடிக்கு 250 டிக் என்றால், ஊகம் பொய்த்தாலும் 4 மில்லிவிநாடிக்குள் எழுந்து மறுபடி யோசிக்க வழி உண்டு. இந்தத் திருத்தத்தால் மெனுவும் பிழைத்தது. எனவே 4.17-க்கு முந்தைய அளவீடுகளைக் காட்டி இன்றைய மெனுவைக் குறை சொல்வது நியாயமல்ல.

அடுத்த ஆண்டு 5.1 பதிப்பில் அவரே கொண்டுவந்ததுதான் டியோ. அது கேட்பது மெனுவைவிடச் சிறிய கேள்வி. எத்தனை மைக்ரோவிநாடி உறங்குவோம் என்று ஊகிக்க அது முயல்வதே இல்லை. தேர்ந்தெடுக்க இருப்பவை மூன்று நான்கு நிலைகள்தாம். அவற்றில் எது என்று தெரிந்தால் போதும். ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு எண்ணிக்கைகளை வைத்துக்கொள்கிறது: டைமர் கணக்குப்படியே தூக்கம் முடிந்தவை, இடையில் யாரோ புகுந்து எழுப்பியவை. இயல்பாக டைமரை நம்பும். இடையில் எழுப்பப்பட்டவை பாதிக்கு மேல் போனால் மட்டுமே ஆழம் குறைந்த நிலைக்கு வரும். பழைய எண்ணிக்கைகள் படிப்படியாகத் தேய்ந்துபோகும்.

எனக்கு டியோவின் அணுகுமுறையே சரி என்று படுகிறது. முன்பே தெரிந்த டைமர் விழிப்புகளையும் தெரியாத குறுக்கீடுகளையும் ஒரே குவியலில் போட்டு ஒழுங்கு தேடுவது மெனுவின் அடிப்படைக் குறை. தெரிந்ததை ஏன் ஊகிக்க வேண்டும்? வட்டிலிருந்து தரவுக்குக் காத்திருக்கும் வேலைகள் எத்தனை என்பதைக்கூட ஒரு காலத்தில் மெனு கணக்கில் சேர்த்தது. பின்னாளில் அது நீக்கப்பட்டது. டியோவுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. 2023-இல் 6.3 பதிப்பில், செயலி எவ்வளவு சுமையில் இருக்கிறது என்பதையும் பார்க்கும் பகுதியைச் சேர்த்தார்கள். மறு ஆண்டே எடுத்துவிட்டார்கள். கழித்தபின்தான் இரண்டும் தெளிவடைந்தன.

மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் கெர்னலுக்கு இந்த விவாதம் அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே உறங்குவதென்றாலே கட்டுப்பாடு புரவலரிடம், அதாவது அந்த இயந்திரத்தைத் தாங்கி ஓட்டும் உண்மையான கணினியிடம், போய்த் திரும்ப வேண்டும்; அதுவே செலவு. ஹால்ட்போல் கவர்னர் அதற்காகவே 5.4-இல் வந்தது. உறங்கும் முன் இயல்பிருப்பாக 200 மைக்ரோவிநாடி வரை விழித்துக் காத்திருக்கும். பதில் விரைவாக வரும், ஆனால் அந்தக் காத்திருப்பு புரவலரின் செயலி நேரத்தைத் தின்கிறது. இடத்தைப் பலரோடு பகிரும் சர்வரில் இதைப் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

டிக்கை நிறுத்தும் கெர்னலில் வேறு ஏதும் சொல்லாவிட்டால் மெனுவே ஓடும். மாற்றிப் பார்க்க விரும்புவோர் பேட்டரி சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். திரை வெளிச்சம் சற்று மாறினாலே அது ஏமாற்றிவிடும். கெர்னல் ஒவ்வொரு ஓய்வுநிலைக்கும் அபோவ், பிலோ என்று இரண்டு எண்ணிகள் வைத்திருக்கிறது. தேர்ந்த நிலை அளவுக்கு மீறி ஆழமாகிப்போன தடவைகளை முதலாவது எண்ணும். இன்னும் ஆழமாகப் போயிருக்கலாம் என்ற தடவைகளை இரண்டாவது எண்ணும். ஒரே வேலையை இரு கவர்னர்களிலும் அரை மணி நேரம் ஓட்டி, அந்த நிலை பயன்பட்ட மொத்தத் தடவைகளால் இவற்றை வகுத்துப் பாருங்கள். அபோவ் விகிதம் எதில் குறைகிறதோ, அதில் வீணாகும் விழிப்புகள் குறைவு. பிலோ விகிதம் எதில் குறைகிறதோ, அதில் வீணாகும் மின்சாரம் குறைவு. இரண்டும் எதிரெதிராகப் போனால், மடிக்கணினிக்குப் பிலோ குறைவதையும், பதில் தாமதமாகக் கூடாத சர்வருக்கு அபோவ் குறைவதையும் எடுத்துக்கொள்வேன்.