மீன்தொட்டி மேடை செய்யக் கொடுப்பவர்களுக்கு: மைக்காவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

மீன்தொட்டிக்கு மேடை செய்யக் கொடுத்து நான் ஏமாந்த கதை இது. செய்து கொடுத்தவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் செய்ததைப் போன்ற வேலை உங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினால், தொட்டியை ஏற்றுவதற்கு முன்பே அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டுமே எழுதுகிறேன்.

தொட்டியை நானே ஒட்டினேன். 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம், 10 மில்லிமீட்டர் கண்ணாடி. பூஞ்சைத்தடுப்பு மருந்து கலந்த சிலிக்கான் மீன்களுக்கு ஆகாது என்பதால் குழாயின் மேலிருந்த எழுத்துகளை இரண்டு முறை படித்துவிட்டு வாங்கி, ஒட்டியபின் ஒரு வாரம் காயவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். பசைக்கு அவ்வளவு கவனம் எடுத்த நான், மரவேலை தெரியாது என்ற ஒரே காரணத்தால் மேடையை முழுக்க முழுக்க இன்னொருவர் வார்த்தையை நம்பி விட்டுவிட்டேன்.

எடையைக் கணக்குப் போட்டுத்தான் அவரிடம் சொன்னேன். விளிம்பு வரை நிரப்பினால் 243 லிட்டர், அதாவது 243 கிலோ தண்ணீர். கண்ணாடி மட்டும் 50 கிலோ. ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் பரப்பினால் அது ஒரு 40 கிலோ. ஏறத்தாழ 330 கிலோ. தண்ணீரில் கெடாத 18 மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் ஒரு தாங்கு பலகை, முதுகுப்புறம் முழுதும் மூடிய பலகை என்று பேசி முடித்தோம். பேசியது எதையும் எழுதி வாங்கவில்லை. முழுப் பணத்தையும் வேலை முடிவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். இந்த இரண்டும் என் தவறுகள்தான்.

வந்து இறங்கிய மேடை பார்க்க அழகாகவே இருந்தது. எல்லாப் பக்கமும் மைக்கா, கண்ணில் படும் எல்லா ஓரங்களிலும் அதே நிறத்தில் பட்டை. எனக்கு ஏதோ சந்தேகம் வந்து, தாங்குமா என்று கேட்டபோது, அவர் அதன்மேல் ஏறி நின்று இரண்டு முறை குதித்துக் காட்டினார். "ஆனையே ஏறலாம் சார்" என்றார். ஒரு மனிதர் ஒரு நொடி குதிப்பதும், ஐந்து பெரியவர்கள் இரவு பகலாக இறங்காமல் நிற்பதும் ஒன்றல்ல என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மரப்பலகையை, அதிலும் துகள்களை அழுத்திச் செய்த பலகையை, விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் எடை கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கும்; குதித்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது வாரம், மேடையின் கீழ்ப்பகுதியாக இருந்த அலமாரியின் இடது கதவு கீழே உரசத் தொடங்கியது. தொலைபேசியில் சொன்னவுடன் வந்தார். கீலின் திருகாணிகளைத் திருப்பிக் கதவைச் சற்றே உயர்த்தி, அதற்கும் கூலி வாங்கிக்கொண்டு போனார். கதவு இறங்கவில்லை, கதவைத் தாங்கும் சட்டகமே சாய்கிறது என்பதை மறைக்க அதைவிட எளிய வழி இல்லை. அவருக்கு அது தெரிந்திருந்ததா என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

அடுத்த வாரம் தண்ணீர் மாற்றும்போதுதான் கண்ணில் பட்டது: இடது பக்கத்தில் தண்ணீரின் மட்டம் விளிம்புக்கு நெருக்கமாகவும், வலது பக்கத்தில் தள்ளியும் இருந்தது. அளந்தால் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம். முதல் நாள் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது சரியாக இருந்த மேடை அது. நிரம்பிய தொட்டியில் முன்பக்கக் கண்ணாடியை மட்டுமே தண்ணீர் சுமார் 120 கிலோ எடைக்கு ஈடான விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதைத் தாங்கும் ஒட்டுகள், அடிப்பகுதி முறுகினால் எவ்வளவு காலம் தாங்கும் என்று யோசித்தபின் அன்றிரவு தூங்க முடியவில்லை. மறுநாள் காலை தொட்டித் தண்ணீரையே வாளிகளில் பிடித்து மீன்களை மாற்றி, ஃபில்டரின் பஞ்சு காய்ந்து அதிலுள்ள நுண்ணுயிரிகள் செத்துவிடாதபடி அதையும் அதே தண்ணீரில் மூழ்கவைத்து, தொட்டியைக் காலி செய்து இறக்கினோம்.

மேடையைக் கவிழ்த்ததும் எல்லாம் வெளிச்சமாயிற்று. அடிப்பக்கத்து ஓரங்களில் பட்டையே ஒட்டப்படவில்லை. அங்கே தெரிந்தது பிளைவுட்டின் அடுக்குகள் அல்ல, பொரிமாவைப் போல உதிரும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகள்களை அழுத்திச் செய்த பலகை. தரையில் சிந்திய சிறிதளவு ஈரத்தைக் குடித்து இடது மூலை உப்பியிருந்தது. அந்தப் பலகை ஒருமுறை உப்பினால், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அதைவிட மோசமானது வேறொன்று. மேல்பலகை பக்கப்பலகைகளின் தலைமேல் உட்காரவில்லை. இரண்டுக்கும் நடுவே செருகப்பட்டுப் பக்கத்துக்கு நான்கு திருகாணிகளால் மட்டும் பிடிக்கப்பட்டிருந்தது. 330 கிலோவில் பெரும்பகுதி அந்த எட்டுத் திருகாணிகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இடதுபக்க நான்கும் துளைகளைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தன. பேசிய நடுத்தாங்கு பலகை இருந்தது, ஆனால் மேல்பலகையைத் தொடவே இல்லை. முதுகுப்பலகை மூன்று மில்லிமீட்டர் அட்டை.

பார்ட்டிகிள் போர்டில் செய்தாலே மேடை விழுந்துவிடும் என்று சொல்லமாட்டேன். எடை நேராகக் கீழிறங்கும்படி அமைத்து, ஓரங்களை முழுதும் மூடி, ஈரம் படாமல் வைத்திருந்தால் சிறிய தொட்டிகளை அது தாங்கும். என் புகார், அவர் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுத்ததும், கொடுத்ததையும் தவறாகப் பூட்டியதும்தான்.

இதைக் கண்டுபிடிக்க மேடையைக் கவிழ்க்க வேண்டியதே இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கதவின் கீலைக் கழற்றினால், அதற்காகக் குடைந்த வட்டக் குழிக்குள் பலகையின் உட்புறம் மூடப்படாமல் தெரியும்: குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகள் தெரிந்தால் பிளைவுட், துகள்கள் தெரிந்தால் அல்ல. கதவு ஒன்றும் மற்றதெல்லாம் வேறொன்றுமாக இருக்கலாம் என்பதால், மின்கம்பி நுழைவதற்குப் பின்புறம் போட்ட துளையின் விளிம்பையும் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது பக்கப்பலகைகளின் ஓரங்கள் கோடுகளாகத் தெரிந்தால், மேல்பலகை அவற்றுக்கு நடுவே தொங்குகிறது என்று பொருள். ஆனால் மேலேயும் மைக்கா ஒட்டிவிட்டால் அந்தக் கோடு மறைந்துவிடும். ஆகவே மைக்கா ஒட்டுவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பதாகச் சொல்லி, அதன் பிறகே பாதிப் பணத்தைக் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். காலி மேடையை ஒரு பக்கத்திலிருந்து கையால் தள்ளிப் பார்ப்பதும் நல்லது; மூலைகள் கோணினால் முதுகுப்பலகை வெறும் அலங்காரம்.

இப்போது தொட்டி, மரச்சட்டங்களால் நானே செய்த மேடையில் நிற்கிறது. மேல்சட்டம் நான்கு கால்களின் தலைமேல் நேராக உட்கார்ந்திருக்கிறது. திருகாணிகள் கால்களை விலகாமல் பிடிப்பதோடு சரி. பார்வைக்கு அழகில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தண்ணீர் சிந்தியது என் கவனக்குறைவு என்றார். நான் கேட்டது அலமாரிதான், மேடை அல்ல என்றார். கடைசியில், அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், மூலையைச் சரிசெய்து மைக்கா ஒட்டி வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு எனக்கு ஒரு சிறு தொகை தருவதாகவும் சொன்னார். நான் மறுத்துவிட்டு, அன்று மாலையே அதை ரம்பத்தால் நான்காக அறுத்துப் போட்டேன்.