கண்ணா, கையா, காதா: தங்கத்தையும் கவரிங்கையும் பிரித்துச் சொல்வதில் எதை நம்பலாம்?

கடையில் பில் போட்டு வாங்கும் புது நகைக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. பாட்டியின் பெட்டியில் கிடக்கும் பழைய சங்கிலி, "அவசரம், இதை வைத்துக்கொண்டு பணம் கொடுங்கள்" என்று தெரிந்தவர் கொண்டுவரும் வளையல், பேருந்து நிலையத்தில் யாரோ பாதி விலைக்கு நீட்டும் மோதிரம் என்று வரும்போதுதான் எழுகிறது. அந்த நேரத்தில் கையில் தராசும் இருக்காது, உரைகல்லும் இருக்காது. நம் கண், கை, காது, மூக்கு, பல் இவைதான் இருக்கும். இவற்றில் எது எவ்வளவு தூரம் உதவும் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைதான் முதலிடம். எல்லோரும் அதிகம் நம்பும் கண் இரண்டாமிடம், அதுவும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தால் மட்டும்.

கண் ஏன் பின்னால் போகிறது? முலாம் பூசுவதே கண்ணுக்காகத்தான். கவரிங் நகையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்பு அல்லது பித்தளை. மேலே இருக்கும் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் கீழே தொடங்கி, நல்ல வேலை என்றால் சில மைக்ரான் வரை போகும். தலைமுடி ஒன்றின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். ஆனால் தங்கம் ஒளியை உள்ளே விடாத உலோகம். ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருந்தாலே, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது ஏறக்குறைய மறைந்துவிடும். அதாவது புது கவரிங்கைப் பார்த்து "தங்க நிறமாக இருக்கிறது" என்று கண் சொல்வது பொய் இல்லை. அது பார்ப்பது அசல் தங்கத்தின் மேல்தோலைத்தான். உள்ளே என்ன என்பதைச் சொல்லும் வழி அதற்கு இல்லை.

நிறத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்பவர்கள் உண்டு. 22 காரட் தங்கத்தில் கலந்திருப்பது செம்பு அதிகம் என்றால் சற்றுச் சிவப்பாகவும், வெள்ளி அதிகம் என்றால் வெளிறிய மஞ்சளாகவும் இருக்கும். கேரளத்து நகையும் வடநாட்டு நகையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு மஞ்சளாகத் தெரியலாம், இரண்டும் அசலாகவே இருக்கலாம். நிறத்தை வைத்து அடித்துச் சொல்வது ஆபத்து.

கண்ணுக்கு உண்மையான வேலை இருப்பது தேய்ந்த இடத்தில். சங்கிலியைக் கழுத்தில் இருப்பதுபோல் பிடித்துப் பார்ப்பதால் பயனில்லை. கொக்கியைத் திறந்து, அது மாட்டும் வளையத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் இரண்டு கண்ணிகளைச் சற்று விலக்கி, ஒன்றோடொன்று உரசும் அந்தச் சின்னப் பள்ளத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நாள்பட்ட கவரிங்கில் அங்கே ஓரம் மஞ்சளாகவும், நடுவில் மட்டும் செம்பின் சிவப்போ பித்தளையின் மங்கிய பழுப்போ தெரியும். வியர்வையும் அழுக்கும் சேர்ந்து பச்சைப் பாசிபோல் ஒட்டியிருந்தால் அது செம்பு வெளியே வந்ததன் அடையாளம். அசல் நகையில் அதே பள்ளம் தேய்ந்து மெலிந்திருக்கும், நிறம் மாறியிருக்காது. மோதிரம் என்றால் உள்ளங்கைப் பக்கம், வளையல் என்றால் இன்னொரு வளையலோடு இடிக்கும் விளிம்பு, கம்மல் என்றால் திருகு. அடகுக் கடைக்காரர் நகையை வாங்கியதும் முகப்பைப் பார்க்காமல் கொக்கியைத் திருப்பிப் பார்ப்பது இதனால்தான். ஆனால் இந்தச் சோதனை புழங்கிய நகைக்கு மட்டும்தான். நேற்று முலாம் போட்ட நகையில் தேய்ந்த இடமே இருக்காது.

இப்போது கைக்கு வருவோம். தூய தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். 22 காரட் என்றால் கலப்பைப் பொறுத்து 17.5 முதல் 18க்குள். செம்பு 8.96, பித்தளை எட்டரை அளவில், வெள்ளி 10.5, ஈயம் 11.3. அதிகமாக எதை வைத்து ஏமாற்றுகிறார்களோ, அந்தச் செம்பும் பித்தளையும் தங்கத்தில் பாதிதான் கனம். ஒரு பவுன், அதாவது 8 கிராம், 22 காரட் சங்கிலியை அச்சு அசலாக அதே அளவில் செம்பில் செய்தால் 4 கிராம்தான் வரும். வெள்ளியில் செய்தால் நாலே முக்கால், ஈயத்தில் செய்தாலும் 5 கிராமைச் சற்றுத்தான் தாண்டும். இந்த வித்தியாசத்தை எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாது. பூச்சு தோலை மாற்றும், உடம்பை மாற்றாது.

வீட்டில் ஒரு பவுன் சங்கிலியும் அதே டிசைனில் ஒரு கவரிங் சங்கிலியும் இருந்தால் செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, யாரையாவது விட்டு இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். தங்கச் சங்கிலி விழுந்ததும் உள்ளங்கைக் குழியில் சரிந்து குவிந்து, அங்கேயே படுத்துவிடும். கவரிங் கொஞ்சம் விறைப்பாகப் பரவி நிற்கும், கையை ஆட்டினால் சட்டென்று துள்ளும். இதில் நம் மூளையும் ஒரு கை கொடுக்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களில் சிறியதுதான் கனமாகத் தோன்றும் என்பது நன்கு ஆராயப்பட்ட உணர்வு. அளவில் சிறிதாக இருந்துகொண்டு கனக்கும் தங்கத்தைக் கையில் வைக்கும்போது அந்தக் கனம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

கை தவறும் இடங்களும் உண்டு, அவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதலாவது, அசலைப் போலி என்று சொல்லிவிடும். உள்ளே குழலாகச் செய்த வளையல், அரக்கு வைத்த அட்டிகை, கல் பதித்த பதக்கம் எல்லாம் நல்ல தங்கமாக இருந்தும் கைக்கு லேசாகத் தெரியும். பாட்டி காலத்து அரக்கு நகையைக் கனம் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டாவது, போலியை அசல் என்று சொல்லிவிடும். டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்தியோடு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அது மிகக் கடினமானது, உருகுவதற்கே 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதை மெல்லிய கண்ணியாக இழுத்து வளைத்துச் சங்கிலி செய்வது எளிதான காரியம் இல்லை. தங்கக் கட்டியிலும் தடித்த காசிலும்தான் அந்தப் பயம். சாதாரண குடும்ப நகையில் கையை இந்த விஷயத்தில் நம்பலாம். மூன்றாவது, இரண்டு கிராம் மூக்குத்தி, சின்னக் கம்மல் போன்றவற்றில் வித்தியாசம் உணர முடியாத அளவு குறைவு. அங்கே கை உதவாது.

காதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்பது என் கட்சி, ஆனால் எல்லா நகைக்கும் இல்லை. தூய தங்கக் கம்பி வழியே ஒலி வினாடிக்குச் சுமார் 2,000 மீட்டர் வேகத்தில் போகிறது. பித்தளையில் சுமார் 3,500, செம்பில் அதைவிடச் சற்று அதிகம். ஒரே அளவில், ஒரே தடிமனில் இரண்டு கெட்டி வளையல்கள் இருந்தால், தட்டும்போது தங்க வளையலின் நாதம் தெளிவாகக் கீழே இருக்கும். பித்தளை "கிணிங்" என்று உச்சத்தில் ஒலிக்கும். நூலில் தொங்கவிட்டு ஒரு பென்சிலால் தட்டினால் நன்றாகக் கேட்கும். கையில் பிடித்துக்கொண்டு தட்டினால் எல்லாமே மந்தமாகத்தான் ஒலிக்கும். காசுக்கும் காது உதவும். நல்ல தங்கக் காசை விரல் நுனியில் நிறுத்தித் தட்டினால் ரீங்காரம் சற்று நீளும், ஈயம் கலந்த போலி சத்தமே இல்லாமல் அடங்கிவிடும். சங்கிலிக்கோ, கல் வைத்த நகைக்கோ, குழல் வளையலுக்கோ காது வேண்டாம். ஒப்பிட அசல் ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டாலும் வேண்டாம்.

மூக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்: பூச்சு போய்விட்டதா? பித்தளைச் சொம்பைக் கையில் பிடித்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்தால் வரும் வாடையை எல்லோருக்கும் தெரியும். உலோகம் நம் தோலின் வியர்வையோடும் எண்ணெய்ப் பசையோடும் சேரும்போது எழும் வாடை அது. தங்கம் அப்படிச் சேருவதில்லை. நகையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சூடு ஏறும்வரை தேய்த்து முகர்ந்தால், தேய்ந்த கவரிங் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கவரிங் கறுக்காமல் இருக்க நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. அப்படித் தடவியிருந்தால் வாடை வராது. ஆகவே வாடை அடித்தால் சந்தேகப்படலாம், அடிக்கவில்லை என்பதற்காக நம்பிவிடக் கூடாது.

பல்லால் கடித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். தங்கம் மெத்தென்று இருக்கும், பல் பதியும் என்பது உண்மைதான். ஆனால் ஈயம் தங்கத்தைவிட மெத்து. முலாம் பூசிய ஈயத்தில் பல் இன்னும் அழகாகப் பதியும். மலிவான போலி நகைகளில் ஈயமும் காட்மியமும் கலந்திருப்பதுண்டு, அதை வாயில் வைப்பது உடம்புக்குக் கேடு. ஒலிம்பிக் வீரர்கள் கடிக்கும் பதக்கமே வெள்ளியின் மேல் தங்கப் பூச்சுதான், முழுத் தங்கத்தில் கடைசியாகக் கொடுத்தது 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில்.

தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்ற சோதனையும் சொல்வார்கள். செம்பும் வெள்ளியும் தங்கத்தைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும், அவையும் சில்லென்றுதான் இருக்கும். காந்தமும் இதேபோல்தான்: செம்பு, பித்தளை, வெள்ளி, ஈயம் எதையும் காந்தம் இழுக்காது. இழுத்தால் உள்ளே இரும்பு, அவ்வளவுதான் தெரியும். அசல் தங்கச் சங்கிலியின் கொக்கிக்குள் இருக்கும் எஃகு ஸ்பிரிங்கைக்கூட அது இழுக்கும்.

சரி, பத்தரின் உரைகல் எங்கே நிற்கிறது? அதுவும் கண்தான், ஆனால் சரியான கேள்வி கேட்கப் பழகிய கண். கறுப்புக் கல்லில் நகையை உரசிக் கோடு போட்டு, மாற்று (தங்கத்தின் தூய்மை அளவு) தெரிந்த தங்கத்தால் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, இரண்டின் மேலும் அமிலம் தொட்டுவைப்பார். நைட்ரிக் அமிலத்தில் செம்பும் பித்தளையும் வெள்ளியும் கரைந்து கோடு அழிந்துவிடும், தங்கக் கோடு நிற்கும். கவரிங்காக இருந்தால் முதல் உரசலில் மேல்பூச்சு மட்டும் கல்லில் ஏறி, கோடு நல்ல தங்கமாகவே நிற்கக்கூடும். அதனால் தேர்ந்த பத்தர் மறைவான ஓரிடத்தில் அரத்தால் லேசாக ராவிவிட்டு, அங்கே உரசுவார். ஒரே இடத்தில் நாலைந்து தடவை உரசச் சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு, தயங்காமல் சொல்லுங்கள்.

கண், கை, உரைகல் மூன்றையும் ஒரே தந்திரத்தால் தாண்டும் மோசடி ஒன்று இருக்கிறது. "பள்ளம் தோண்டும்போது புதையல் கிடைத்தது" என்று குண்டுமணி மாலையோடு வருவார்கள். சோதித்துப் பாருங்கள் என்று ஒன்றிரண்டு மணியைத் தருவார்கள். அது அசல் தங்கம், எந்தப் பத்தரும் அசல் என்றுதான் சொல்வார். அதை நம்பிப் பணத்தோடு போகிறவருக்குக் கிடைப்பது பித்தளை மாலை. சோதனையில் குறை இல்லை, சோதித்த பொருளும் வாங்கிய பொருளும் வேறு. உண்மையிலேயே புதையலாக இருந்தாலும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும், தனியாக விற்க முடியாது. இதில் எந்தப் புலனையும் பயன்படுத்த வேண்டாம், எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

வீட்டிலேயே கையின் சந்தேகத்தை எண்ணாக மாற்ற ஒரு வழி உண்டு. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். முதலில் நகையை எடை போடுங்கள். பிறகு தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, நகையை நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 8 கிராம் 22 காரட் சங்கிலி என்றால் தராசு சுமார் 0.45 காட்டும். வெள்ளி 0.76, செம்பு 0.89, பித்தளை 0.94. கண்ணிகளுக்குள் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், ஒரு துளி சோப்பு விட்டால் சரியாகிவிடும். கல் நகைக்கும் அரக்கு நகைக்கும் இது செல்லாது. 22 காரட்டா 20 காரட்டா என்று ஒரு பவுனில் பிரித்துச் சொல்லவும் இது போதாது.

அந்தக் கேள்விக்கு எந்தப் புலனும் போதாது. முலாமா தங்கமா என்பது வரைதான் கையும் கண்ணும் வரும். மாற்று எவ்வளவு என்பதற்கு ஹால்மார்க் மையத்துக்குத்தான் போக வேண்டும். வெறும் "916" முத்திரையைப் பார்த்து நம்பாதீர்கள், அதைக் கவரிங்கிலும் குத்தலாம். 2023 ஏப்ரல் 1 முதல் விற்கும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த, ஆறு இடங்கள் கொண்ட ஹெச்யுஐடி குறியீடு இருக்க வேண்டும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த வகை நகை, என்ன தரம் என்று வரும். சங்கிலிக்குரிய குறியீட்டை வளையலில் குத்தியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. முத்திரையே இல்லாத பழைய நகையைப் பொதுமக்களே நேராக ஹால்மார்க் மையத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். 2022இல் அந்த அமைவனம் அறிவித்த கட்டணம் நான்கு நகைகள் வரை 200 ரூபாய்.

அங்கே எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்து நிமிடத்தில் சதவீதம் சொல்லிவிடுவார்கள். அந்த இயந்திரமும் மேல்பரப்பில் சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கிறது. தடித்த முலாம் அதையும் குழப்பலாம். ஆகவே தண்ணீரில் தொங்கவிட்டபோது எண் இடித்திருந்தால், அதை அங்கே சொல்லி, கொக்கி வளையத்தை ராவிய இடத்தில் அல்லது வெட்டிய முனையில் இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.